மறுபடி அனுப்பு

ஜூன் 9

அக்காவுக்கு,

என் போன் நம்பரை முடக்கிவிட்டாய். மெயில் போட்டால் திறப்பதில்லை. தபால்காரரை யாராலும் முடக்க முடியாது என்று இந்தக் காகிதத்தை எடுத்தேன். பேனா பிடித்து வருடக்கணக்காகிறது. என் கையெழுத்தைப் பார்த்தாவது சிரிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

கடைசியாகப் பேசியபோது, "உன் ப்ரோகிராம் அப்பாவை நடுத்தெருவுல நிறுத்திடுச்சு" என்று கத்தினாய், உடனே வைத்துவிட்டாய். என் பக்கத்தைச் சொல்லவே விடவில்லை. இதில் சொல்கிறேன், கிழிக்காமல் படி.

கண் ஊசிக்கு இனி வரிசையில் நிற்க வேண்டாம், இணையத்தில் மட்டும்தான் பதிவு என்று ஆஸ்பத்திரியில் அறிவித்தபோது நீதான் என்னைக் கூப்பிட்டாய். மாதத்தில் ஒருநாள் காலையில் பக்கத்தைத் திறப்பார்கள். நீ பல் செட் செய்யும் லேபில் கையெல்லாம் பிளாஸ்டர் மாவோடு போனைத் தேய்ப்பதற்குள் எல்லா இடமும் போய்விடும். அப்பாவுக்கு வலது கண் ஏற்கெனவே போய்விட்டது, ஊசி தவறினால் இடது கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை அழுதுகொண்டே சொன்னாய். "நான் பாத்துக்கறேன், நீ பல்லைப் பாரு" என்று சொன்னேனா இல்லையா? சொன்னபடி பார்த்துக்கொண்டேனா இல்லையா? அதற்குப் பிறகு ஒரு மாதமாவது அப்பாவுக்கு இடம் இல்லாமல் போனதா?

அது மந்திரம் இல்லை. ஆஸ்பத்திரியின் சர்வர் என்பது எங்கோ ஒரு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். அதனிடம் போய்க் கேட்பதற்கென்றே யாரோ புண்ணியவான் எழுதி எல்லோருக்கும் பொதுவில் கொடுத்துவிட்ட நிரல் ஒன்று இருக்கிறது. அந்த மாதிரித் தயார் நிரலை நாங்கள் லைப்ரரி என்போம். அதை வைத்து ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். அது நேராகச் சர்வரிடம் "இடம் இருக்கிறதா?" என்று கேட்கும். இருந்தால், "அப்பா பெயரில் ஒன்று எழுதிக்கொள்" என்று சொல்லும். "எழுதிவிட்டேன்" என்று பதில் வந்தால் வேலை முடிந்தது.

ஆரம்பத்தில் ஒருமுறை ஏமாந்தேன், நினைவிருக்கிறதா? இடம் இருக்கிறது, இருக்கிறது என்றே பதில் வந்தது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நடுவில் இருந்த இன்னொரு இயந்திரம் முந்தின நாள் பதிலை எடுத்து வைத்துக்கொண்டு, சர்வரைக் கேட்காமலே நீட்டியிருக்கிறது. நமக்குச் சர்வரே பேசுவதுபோலத்தான் இருக்கும். அதையும் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்.

இந்த முறை நடந்தது என் தப்பில்லை. அன்று சர்வர் திணறியது. என் ப்ரோகிராம் "எழுதிக்கொள்" என்றது, பதிலே இல்லை. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். கதவைத் தட்டித் திறக்காவிட்டால் மறுபடி தட்டமாட்டோமா? ஆனால் அந்தச் சனியன் பிடித்த சர்வருக்குப் பதில் சொல்லத்தான் முடியவில்லை. காதில் விழுந்ததை ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வாரத்து இடம் அத்தனையும் அப்பா பெயரில். ஒரே ஆள், ஒரே அட்டை, ஒரே கண். அவர்களுக்கு இதுகூடவா உறைக்காது?

ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று எழுது. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
வாலு

*

ஜூன் 16

தம்பிக்கு,

கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன். அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். தலைப்புச் செய்தி அளவு எழுத்து என்றால் அவரே படிப்பார், உன் கோழிக் கிறுக்கலை யார் படிப்பது? நான்தான் வாசித்தேன். சர்வர், லைப்ரரி எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையாட்டினார்.

உன் நம்பரை முடக்கியது கோபத்தால் மட்டும் இல்லை. உன்னோடு பேச ஆரம்பித்தால் கடைசியில் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காகிதத்தில் உன் வாய்ஜாலம் கொஞ்சம் குறைகிறது.

உன் தப்பில்லை என்கிறாய். ஊசி நாளன்று அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். பஸ் ஓட்டிய காலத்தில் டியூட்டிக்குக் கிளம்புவாரே, அதே மாதிரி. பதிவு ஜன்னலில் அட்டையைக் கொடுத்தோம். உள்ளே இருந்த பெண் எண்ணைத் தட்டினாள், அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், எழுந்துபோய்ப் பிரிவின் அதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழே அப்பா பெயர், அப்பா பெயர், அப்பா பெயர். "இதுல உங்களோடது எதுங்க?" என்று கேட்டார். அப்பா திரையோடு முகத்தை ஒட்டிக் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லாமே தன்னுடையதுதான் என்று பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "புரோக்கரா இருப்பான்" என்று ஒருவர் சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவரும் இடம் கிடைக்காமல் நிற்பவர்தான். லேபில் என் பக்கத்து மேசையில் மெழுகுப் பல் செதுக்குகிறாளே, அவள் மாமனாரும் அந்த வாரம் ஊசி இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறார். அவள் இப்போது கத்தி வேண்டுமென்றால்கூட வாயைத் திறப்பதில்லை, கையை மட்டும் நீட்டுகிறாள்.

நீ பிடித்த இடம் அத்தனையும் ரத்து. அப்பா அட்டையும் முடக்கம். அதிகாரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாரு செஞ்சாங்களோ அவங்க நேர்ல வரணும். போன் வேணாம், மெயில் வேணாம். முகத்தைப் பாத்துப் பேசணும். அப்புறம்தான் அட்டையைத் திறப்பேன்." இந்த ஊசி இந்தப் பக்கத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது என்பது உனக்கும் தெரியும்.

வா. ஒருநாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ. அப்பா கண்ணுக்கு அது போதும்.

அக்கா

*

ஜூன் 23

அக்காவுக்கு,

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் நான் சொல்வதைக் கேள்.

ப்ரோகிராமை என் அறையிலிருந்து ஓட்டவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டினேன், அங்கே இணையம் வேகம். சர்வரிடம் யார் வந்து கேட்டாலும் எந்த முகவரியிலிருந்து வந்தார்கள் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். அதில் எங்கள் ஆபீஸ் முகவரி விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆபீசுக்குப் புகார் வந்துவிட்டது. மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். என்னையும் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? அங்கே வந்து நான்தான் என்று ஒப்புக்கொண்டால் அது நேராக இங்கேதான் வரும். வேலை போகும். இந்த ஊரில் நான் இருப்பதே இந்த வேலையின் பேரில்தான். அது போனால் அறையைக் காலிசெய்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எத்தனை வருடம் நாய்ப்பாடு பட்டு இங்கே வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தெரியும்.

அதனால் ஒரு யோசனை. அப்பாவின் பழைய அட்டையை விட்டுவிடு. உன் போன் எண்ணைக் கொடுத்துப் புது அட்டை ஒன்று போடு. ப்ரோகிராமைத் திருத்திவிட்டேன், இந்த முறை உன் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். என்னென்ன தட்ட வேண்டும் என்று தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றும் கஷ்டமில்லை, பல் செட் செய்கிறவளுக்கு இது எம்மாத்திரம்.

ஆபீஸ் விஷயத்தை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே.

வாலு

*

ஜூலை 3

அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்துவிட்டதோ என்று மறுபடி எழுதுகிறேன். புது அட்டை போட்டுவிட்டாயா? தட்ட வேண்டியதை இன்னொரு பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

அடுத்த பதிவு நாள் நெருங்குகிறது. அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

வாலு

*

ஜூலை 10

அக்காவுக்கு,

இதுவும் வந்து சேரவில்லையா? இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அதே தாள்தான் உள்ளே இருக்கிறது.

கோபம் என்றால் நாலு வரி திட்டி அனுப்பு. ஒன்றுமே வராமல் இருந்தால் நான் என்னவென்று நினைப்பது? ஆபீசில் உட்கார்ந்தால் திரையில் ஒன்றும் ஏறுவதில்லை. மேனேஜர் பக்கத்தில் வந்தாலே எனக்கு வேர்க்கிறது.

வாலு

*

ஜூலை 18

தம்பிக்கு,

எல்லாக் கடிதமும் வந்தது. முதல் தடவையே வந்தது. பதில் வராவிட்டால் போய்ச் சேரவில்லை என்று நீயாக முடிவுசெய்து மறுபடி மறுபடி அனுப்புகிறாய். ஆஸ்பத்திரியில் நடந்ததும் இதுதானே? அந்த ஒரே தாள் இப்போது என்னிடம் மூன்று இருக்கிறது. நான் வா என்றேன். நீ தாள் அனுப்பினாய். அதற்கு என்ன பதில் எழுதுவது?

அப்பாவுக்கு வாசிக்காதே என்று எழுதியிருந்தாய். அதைக் கடைசி வரியில் எழுதியிருந்தாய். அந்த வரிக்கு நான் வருவதற்குள் மேலே இருந்ததெல்லாம் வாசித்து முடித்துவிட்டேன். அதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை, முன்னால் ஒருமுறை கண்ணை ஓட்டிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

அப்பா உன் முதல் கடிதத்தை எடுத்து அந்த சர்வர் பகுதியை மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். பிள்ளையின் வேலையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நான் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

நான் லேபுக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டு வேன்காரரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அதிகாரி முன்னால் நின்று, "அதைச் செஞ்சது நான்தாங்க" என்று சொல்லியிருக்கிறார். வேன்காரர் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். நீங்களா என்று அதிகாரி கேட்டாராம். "ஆமாங்க. சர்வர்கிட்ட கேட்டேன். பதில் வரல. மறுபடி கேட்டேன். ஹாரன் அடிச்சு வழி விடலன்னா மறுபடி அடிக்க மாட்டமா?" பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், எந்த லைப்ரரியை வைத்துச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா சற்று யோசித்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கே, அதுதான்" என்றாராம்.

அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாராம். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. வாக்குமூலம் என்று ஒன்றை எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வயசானவர் என்பதால் போலீசுக்குப் போகவில்லை, மூன்று மாதத்துக்கு அட்டை கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

நான் மறுநாளே ஓடினேன். அப்பா செய்யவில்லை, தம்பிதான் செய்தான் என்று சொன்னேன். "அப்ப அந்தத் தம்பியைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். அங்கேயே நிற்கிறது.

நேற்று அப்பா, சமையலறைக் கதவுச் சட்டம் வளைந்திருக்கிறது, தச்சரைக் கூப்பிடு என்றார். போய்ப் பார்த்தேன். சட்டம் நேராகத்தான் இருக்கிறது. வலது கண் போகும்போதும் முதலில் ஜன்னல் கம்பிதான் வளைந்தது, உனக்கு நினைவிருக்கும். "கூப்பிடறேம்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரையில் நின்று அழுதேன்.

இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா

*

ஜூலை 24

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், ஆனால் நான் வருவதற்குள் உனக்கு இது தெரிய வேண்டும்.

இன்று மேனேஜரிடம் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "முதல் நாளே சொல்லியிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். இந்த மாதத்தோடு முடிகிறது.

உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. சர்வர் தப்பு, சர்வர் தப்பு என்று எழுதினேனே. அந்த லைப்ரரியை எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். "இருக்கிறதா?" என்று கேட்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி அனுப்பும். "எழுதிக்கொள்" என்பதை மட்டும் நாம் தனியாகச் சொன்னால் ஒழிய மறுபடி அனுப்பாது. ஒருவேளை முதல் தடவையே எழுதியிருந்தால் என்ன ஆவது என்றுதான். நான் தனியாகச் சொன்னேன். அந்தப் பூட்டைக் கழற்றியது நான். அப்பாவுக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் கழற்றினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. இடம் தவறினால் நீ போன் பண்ணுவாய், நேரில் வா என்பாய். அந்தப் பேச்சு வரக்கூடாது என்றுதான்.

வண்டி ஏறுகிறேன். அப்பாவிடம் சொல்லாதே, நானே வந்து நிற்கிறேன்.

வாலு

*

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறையைக் காலிசெய்ய இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. நம்பரைத் திறந்துவிட்டேன் என்று சொன்னாய், ஆனாலும் கை பேனாவுக்குத்தான் போகிறது.

வண்டியை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த அதிகாரியை நினைத்து எப்படிப் பயந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "அப்பாவை அனுப்பிட்டு எங்க இருந்தீங்க?" நான் அனுப்பவில்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அப்பா அட்டையை அங்கேயே திறந்துவிட்டு, மறுநாள் என்னைக் கம்ப்யூட்டர் பிரிவில் கொண்டுபோய் உட்காரவைத்தார். ஒருவருடைய கோரிக்கைக்கு ஒரே எண் கொடுத்துவிட்டால், அதே எண்ணில் மறுபடி எது வந்தாலும் சர்வர் புதிதாக எழுதாமல் பழையதையே காட்டும். அதை அந்தப் பிரிவுக்காரரோடு உட்கார்ந்து செய்து கொடுத்தேன். அப்பாவின் லைப்ரரி கதையை அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். உன் பக்கத்து மேசைக்காரியின் மாமனார் பெயரை நானே முதலில் எழுதச் சொன்னேன், அதிகாரி சரி என்றார்.

அந்த முதல் நாளே ஊசி போட்டு வெளியே வந்தபோது எனக்கு இருந்த பயத்தையெல்லாம் அப்பா தீர்த்துவிட்டார். தாமதமாகிவிட்டது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னதும் இடிந்துபோனேன். ஆனால் வீட்டுக்கு வந்து, நான் கைகால் கழுவிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்ததும் அப்பா என்னைப் பார்த்து, "மீசையை எடுத்துட்டியா? நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப இளைச்சுட்ட" என்றார். அக்கா, அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. நான் மீசை எடுத்ததை யாருக்கும் சொன்னதில்லை. பார்த்துத்தானே சொன்னார். நெற்றியோரம் நரைத்ததைக்கூடக் கேலி செய்தார்.

அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். வேறொரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். இன்னும் தூரம். விமானத்தில்தான் வர முடியும், இரண்டு வருடத்துக்கு லீவு என்று பேச்சே எடுக்க முடியாது. ஆனால் நல்ல வேலை. அப்பாவுக்குப் பார்வை நிலையாகிவிட்டது, பதிவும் இனிமேல் தகராறு செய்யாது. ஒப்புக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இந்த மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

வாலு

*

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன். உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. எழுதுவதா வேண்டாமா என்று எனக்கு இரண்டு மனம். சொல்லக்கூடாது என்று அப்பா என் கையில் அடித்து வாக்கு வாங்கியிருக்கிறார். அந்த வாக்கை நான் இப்போது உடைக்கிறேன்.

மீசை விஷயத்தை நான்தான் சொன்னேன்.

நீ கைகால் கழுவப் போனாயே, அப்போது அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அவன் எப்படி இருக்கான், சீக்கிரம் சொல்லு" என்றார். எனக்குப் புரியவில்லை. "முகம் தெரியலம்மா. நடுவுல ஒரு கறுப்பு. அவனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான். சொல்லு" என்றார். மீசை இல்லை என்றேன். இளைத்துவிட்டான் என்றேன். நெற்றியோரம் நரை என்றேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். நான் சொன்னதை ஒன்றுவிடாமல் உன்னிடம் திருப்பிச் சொன்னார். நரையை மட்டும் கேலியாக மாற்றிக்கொண்டார், அது அவர் சொந்தச் சரக்கு.

உன் முகம் அப்படி மலர்ந்தது. அதை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். நடுவில் ஒரு இயந்திரம் இருந்துகொண்டு சர்வர் பேசுவதுபோலப் பதிலை நீட்டும் என்று எழுதினாயே. அன்றைக்கு நான் அந்த இயந்திரமாக இருந்துவிட்டேன். உனக்கு வந்த பதில் அப்பாவுடையது இல்லை.

டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: நடுப்பார்வை போய்விட்டது, இனி வராது. ஓரப்பார்வை இருக்கிறது, ஊசி தவறாமல் போட்டால் அது நிற்கும். எழுந்து நடக்கிறார், தட்டில் இருப்பதை எடுத்துச் சாப்பிடுகிறார், வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிகிறது. யார் என்பதுதான் தெரிவதில்லை. என்னைக் கொலுசுச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறார். நீ போன பிறகு, "அவன் குரல் அப்படியேதான் இருக்கு" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். தச்சர் ஏன் இன்னும் வரவில்லை என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஒரு மாதம் முன்னால் நீ வந்திருந்தால் உன் மீசையை அவரே பார்த்துச் சொல்லியிருப்பார். இதை நான் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பேன், நீயும் நினைப்பாய். ஆனால் நீ வந்து நின்றாய். பக்கத்து மேசைக்காரி இப்போது கத்தி வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்கிறாள்.

புது வேலைக்கு ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டாய். அதை நான் சொல்ல மாட்டேன். பார்வை நிலையாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது, அவ்வளவுதான். தெரிந்துகொண்டு போடு, அல்லது தெரிந்துகொண்டு விடு.

அடுத்த ஊசி இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை. வருவதாக இருந்தால் அப்பாவுக்கு எதிரே உட்காராதே. எதிரே உட்கார்ந்தால் நீ இல்லை. இடப்பக்கமாக, தோளை ஒட்டினாற்போல உட்கார், அவர் முகத்தை உன் பக்கம் திருப்பச் சொல்லாதே, கொஞ்ச நேரம் பேசாமலும் இரு. அங்கிருந்து பார்த்தால் உன் காதும் கன்னமும் அவருக்குத் தெரியும்.

அக்கா